'50 மீட்டர்' என்று போட்டிருக்கிறதே!

மும்பையில் மழை பிடித்து இரண்டு வாரம் ஆனால் போதும், எங்கள் குடியிருப்பில் யாராவது ஒருவர் கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார். கைக்கடிகாரத்தின் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்திருக்கும். "சார், நீங்கள் ரயில்வேயில் இன்ஜினீயராக இருந்தவர். பாருங்கள், முதுகில் 50 மீட்டர் என்று பொறித்திருக்கிறான். நான் 50 மீட்டர் ஆழத்துக்கா போனேன்? தாதர் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நனைந்துகொண்டு வந்தேன், அவ்வளவுதான்!" என்பார். ரயில்வேக்காரனுக்கும் வாட்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் விஷயம் ஒன்றுதான்: அழுத்தம், அதைத் தடுக்கும் ஒரு ரப்பர் வளையம்.

நம் வீடுகளில் வாட்ச் என்பது வெறும் மணி பார்க்கும் கருவி இல்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்டது, ரிடயர்மென்ட் நாளில் அலுவலகத்தில் கொடுத்தது, ஊரிலிருந்து கிளம்பும்போது அப்பா கழற்றிக் கையில் கட்டிவிட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. அதனால்தான் உள்ளே தண்ணீர் போனால் மனசு பொறுக்கமாட்டேன் என்கிறது. இந்த எண்களுக்கு என்ன பொருள், தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, அதைத் தடுக்க நாம் என்ன செய்யலாம் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த மீட்டர் கணக்கு. ஒரு சதுர சென்டிமீட்டர் அடிப்பரப்பில் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி வைத்தால், அது 1000 கன சென்டிமீட்டர், அதாவது 1 லிட்டர். எடை 1 கிலோ. ஆகவே 10 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ. இதைத்தான் வாட்சின் முதுகில் 1 பார் என்றும், 1 ஏ.டி.எம். என்றும் போடுகிறார்கள். (பாங்க் வாசலில் நிற்பது வேறு.) இம்மூன்றுக்கும் நடுவில் சிறு வித்தியாசம் உண்டு, நமக்கு அது முக்கியமில்லை. 3 பார், 30 மீட்டர் எல்லாம் ஒன்று, 5 ஏ.டி.எம்., 50 மீட்டர் ஒன்று.

நீங்கள் பயணம் செய்யும் எக்ஸ்பிரஸ் வண்டியில் ஏர் பிரேக்கின் பிரேக் பைப்பில் இருக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. வீட்டு பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருப்பது சுமார் 1 கிலோ. '50 மீட்டர்' என்று பொறித்த வாட்ச், பிரேக் பைப்பின் அழுத்தத்தைத் தாங்கும் என்று உறுதி சொல்லி வருகிறது. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடியின் பரப்பு 7 சதுர சென்டிமீட்டர். ஆக அந்தக் கண்ணாடி மேல் மட்டும் 35 கிலோ பாரம். சின்னப் பொருள்தானே என்று நினைத்துவிடக் கூடாது.

இந்த உறுதிமொழியை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால்தான் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். சாதாரணக் கைக்கடிகாரங்களுக்கான உலகத் தரம் ஐ.எஸ்.ஓ. 22810. 2010-ல் வந்தது, அதற்கு முன் 1990-லிருந்து 2281 என்ற எண்ணில் இருந்தது. அதன்படி, புது வாட்சைத் தண்ணீருக்குள் வைத்து, பொறித்த அழுத்தத்தை ஏற்றி, 10 நிமிடம் வைத்திருப்பார்கள். அசையாமல், சுத்தமான தண்ணீரில். தயாரிப்பில் வரும் எல்லா வாட்சையும் இப்படிச் சோதிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதித்தால் போதும். சோதனை முடிந்து பெட்டிக்குள் போன வாட்சுக்கு அதன் பிறகு என்ன நடந்தாலும் அந்த 50 என்ற எண் மாறப் போவதில்லை. எஃகில் பொறித்தது அப்படியேதான் இருக்கும். உள்ளே இருக்கும் ரப்பருக்குத்தான் வயசாகும்.

முக்குளிப்பவர்களுக்கான வாட்ச் வேறு ஜாதி. அதற்குத் தரம் ஐ.எஸ்.ஓ. 6425. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். பொறித்த அளவைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் 2 மணி நேரம் வைப்பார்கள். அழுத்தச் சோதனையை ஒவ்வொரு வாட்சுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். 'டைவர்ஸ்' என்ற சொல்லும் ஆழமும் சேர்ந்து பொறித்திருந்தால் அந்த வாட்ச் இந்தப் பரீட்சையில் தேறியது என்று எடுத்துக்கொள்ளலாம். தோற்றத்தில் மட்டும் அதைப் போல் தடித்த வளையமும் பெரிய எண்களுமாக நிறைய விற்கிறார்கள். எழுத்தைப் பார்த்து வாங்குங்கள், உருவத்தைப் பார்த்து அல்ல.

நம்மில் பலர் இன்னும் 'வாட்டர் புரூஃப்' என்று சொல்லி வருகிறோம். தரம் பேசுவதோ 'வாட்டர் ரெசிஸ்டென்ட்' என்ற சொல்லை. புரூஃப் என்றால் எக்காலத்திலும் புகாது. ரெசிஸ்டென்ட் என்றால் இன்ன அளவு வரை எதிர்த்து நிற்கும். பழைய விளம்பரங்கள்தான் முதல் சொல்லை நம் வாயில் ஏற்றிவிட்டன. அவற்றில் மிகப் பெயர் பெற்றது 1927-ல் லண்டனில் வந்தது. முந்தைய ஆண்டுதான் ரோலக்ஸ் கம்பெனி 'ஆய்ஸ்டர்', அதாவது சிப்பி, என்ற பெயரில் திருகி மூடும் வாட்சைக் கொண்டுவந்திருந்தது. மெர்சிடீஸ் கிளைட்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண்மணி 1927 அக்டோபரில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்திருந்தார். அதில் சந்தேகம் எழுப்பப்பட்டதால் அதே மாதம் 21-ஆம் தேதி மறுபடியும் இறங்கினார், ஓர் ஆய்ஸ்டரையும் எடுத்துக்கொண்டு. உறையும் குளிர்; 10 மணி நேரத்துக்கும் மேல் தாக்குப்பிடித்தார்; இந்த முறை கரை சேர முடியவில்லை. வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மறுமாதம் 'டெய்லி மெயில்' முதல் பக்கம் முழுவதும் அதன் விளம்பரம்! அந்த வாட்ச் கையில் இல்லை, கழுத்தில் தொங்கிற்று என்பது ஒரு சுவையான தகவல்.

கையை வீசினால் அழுத்தம் கூடுமா?

வாட்ச் கடைகளில் ஒரு விளக்கம் சொல்வார்கள். "50 மீட்டர் என்பது அசையாத தண்ணீருக்கு, சார். நீச்சலில் கையை வீசி அடிக்கும்போது அழுத்தம் பல மடங்காகிவிடும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. ஓடும் தண்ணீர் ஒரு பொருள் மேல் மோதும்போது உண்டாகும் அழுத்தம், அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். நல்ல நீச்சல்காரர் கை வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விடை 4500 பாஸ்கல். சுமார் 46 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சமம். 50 மீட்டரோடு அரை மீட்டர் கூடினால் எந்த வாட்சும் அழுதுவிடாது.

குதிப்பதற்கு இன்னும் எளிய வழி உண்டு. எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறோமோ, அந்த வேகத்தால் வரும் அழுத்தமும் கிட்டத்தட்ட அத்தனை மீட்டர் ஆழத்துக்குச் சமம். 5 மீட்டர் பலகையிலிருந்து குதித்தால் 5 மீட்டர். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்க் குற்றால அருவியில் நிற்கிறீர்கள். உங்கள் தலைக்கு மேல் பாறையில் பட்டுக் கடைசியாகத் தண்ணீர் விழும் உயரம் எவ்வளவோ, அதற்கு மேல் போகாது. ஆனால் தட்டையாகக் கையோ முதுகோ நீரில் அறையும் அந்த ஒரு கணத்தில் மட்டும் இதைவிடப் பல மடங்கு ஏறும். நீச்சல் குளத்தில் பையன்கள் 'பொத்'தென்று விழுகிறார்களே, அது. கைப்பிடியில் விசை உள்ள டாய்லெட் ஸ்பிரேயும் கவனிக்க வேண்டியதுதான். பத்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கீழ்த்தளத்துக்கு வரும் குழாயில், இடையில் அழுத்தக் குறைப்பான் இல்லை என்றால், 3 கிலோ அளவுக்கு அழுத்தம் நிற்கும். '30 மீட்டர்' வாட்சின் முழு உறுதிமொழியும் அதோடு தீர்ந்தது.

கை வீச்சு குற்றவாளி இல்லை என்றால் பின் யார்? நான் சொல்வேன்: சூடும் குளிர்ச்சியும். வாட்சுக்குள் இருப்பது காற்று. வெயிலில் கிடந்தோ, வெந்நீர்க் குளியலிலோ வாட்ச் 45 டிகிரி வரை சூடாகிறது. உள்காற்று விரிகிறது. வளையம் சரியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. சற்றே தளர்ந்திருந்தால் கொஞ்சம் காற்று வெளியே கசிந்துவிடும். அப்படியே 25 டிகிரி நீச்சல் குளத்தில் இறங்கினால், மிச்சக் காற்று சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அளவு 100-க்கு 6 பங்கு. அதாவது 60 சென்டிமீட்டர் தண்ணீரின் உறிஞ்சல். கை வீச்சைவிட இது அதிகம்! எங்கள் காலத்து வாக்குவம் பிரேக் மாதிரி, உள்ளே இழுக்கிறது. எந்த வழியாகக் காற்று போயிற்றோ அந்த வழியாகவே தண்ணீர் வருகிறது. சோப்பும் சேர்ந்தால் நீரின் பரப்பு இழுவிசை குறைந்து, சாதாரணத் தண்ணீர் நுழையாத இடுக்கிலும் நுழையும். ஆகவே '100 மீட்டர்' வாட்சாக இருந்தாலும் வெந்நீரில் குளிக்கும்போது கழற்றி வைத்துவிடுங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

குக்கர் காஸ்கெட்டும் வாட்ச் காஸ்கெட்டும்

வாட்சுக்குள் தண்ணீர் போக வாசல்கள் மூன்று அல்லது நான்கு. பின் மூடி, கண்ணாடி விளிம்பு, சாவித் திருகு (பழைய வழக்கப்படி 'சாவி கொடுக்கும்' அந்தக் குமிழைச் சொல்கிறேன்), ஸ்டாப் வாட்ச் உள்ளவற்றில் பக்கப் பொத்தான்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு வளையம் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர், சிலவற்றில் சிலிகோன், கண்ணாடிக்குப் பல இடங்களில் கெட்டி பிளாஸ்டிக்.

ரப்பர் தண்ணீரைத் தடுப்பது அது அமுங்கியிருப்பதால். இரண்டு உலோகத்துக்கு நடுவில் நசுங்கி, திமிறிக்கொண்டு, இரு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வருஷக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் திமிரும் குணம் போய்விடும். நசுங்கிய வடிவத்திலேயே தங்கிவிடும். இல்லத்தரசிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குக்கர் காஸ்கெட் தளர்ந்துபோய் ஓரத்தில் ஆவி வருகிறது. ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாள் ஒப்பேற்றுகிறோம். பிறகு புதிது வாங்குகிறோம். குக்கரில் குறை தெரிகிறது, சத்தமும் வருகிறது. வாட்சில் தெரியாது. அதுதான் வித்தியாசம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வளையங்களை மாற்றிவிட வேண்டும், ஓடிக்கொண்டிருந்தாலும்.

இவற்றில் மிகச் சீக்கிரம் தேய்வது சாவித் திருகின் வளையம். மற்றவை சும்மா உட்கார்ந்திருப்பவை. இதுவோ ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் திருகும்போதும் உராய்கிறது. தினமும் சாவி கொடுக்க வேண்டிய பழைய வாட்சுகளில் கேட்கவே வேண்டாம். 31 நாள் இல்லாத மாதம் முடிந்து தேதி மாற்ற வேண்டும்; மாற்றிவிட்டுக் குமிழை முழுக்க உள்ளே அழுத்தாமல் விட்டுவிட்டால், எத்தனை மீட்டர் வாட்சானாலும் கதவு திறந்த வீடுதான். திருகி மூடும் வகையில் மரையை முழுக்க ஏற்றாவிட்டாலும் அப்படியே. ஈரக் கையோடு குமிழைத் தொடாதீர்கள். தண்ணீருக்குள் இருக்கும்போது பொத்தான்களை அழுத்தாதீர்கள்.

வேர்வையும் சத்ருதான். விரார் லோக்கலில் ஒரு மணி நேரம் கம்பியைப் பிடித்து நின்றால் மணிக்கட்டு வழியாக ஓடும் உப்பு நீர், குமிழுக்கும் குழாய்க்கும் நடுவில் காய்ந்து, உப்புப் பொடியாகி, ரப்பரை அரம் போல் அராவுகிறது. வாட்ச் உடல் பித்தளையில் குரோம் முலாம் பூசியதாக இருந்தால் இன்னும் மோசம். முலாம் போன இடத்தில் உலோகம் அரித்துக் குழி விழும். பின் மூடி உட்காரும் விளிம்பிலேயே குழி விழுந்துவிட்டால் புது வளையம் போட்டும் பயனில்லை. முதுகில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று மட்டும் எழுதியிருந்தால், மூடி மட்டுமே எஃகு, உடல் வேறு உலோகம் என்று பொருள். இரவில் கழற்றியதும் ஈரத் துணியால் துடைத்து, பின்பு உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். செலவில்லாத வைத்தியம். சென்ட், கொசு விரட்டும் களிம்பு, பெட்ரோல் எல்லாம் ரப்பரையும் பிளாஸ்டிக் கண்ணாடியையும் கெடுக்கும். பூசிக்கொண்டு காய்ந்த பிறகு வாட்சைக் கட்டலாம்.

ஜூஹு, அலிபாக், கோவா என்று கடலுக்குப் போனாலும், ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முழுகினாலும், 100 மீட்டருக்குக் குறைந்த வாட்சைக் கட்டிக்கொண்டு போக வேண்டாம். போட்டுக்கொண்டு போனவர்கள், குமிழ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நல்ல தண்ணீரில் மெதுவாக அலசிவிடுங்கள். வாளித் தண்ணீர் போதும், குழாயின் பீச்சல் வேண்டாம். தோல் ஸ்ட்ராப் உள்ள வாட்சின் முதுகில் என்ன எண் இருந்தாலும் தோல் நனைந்தால் நாறும், அதற்கு ஐ.எஸ்.ஓ. ஒன்றும் செய்ய முடியாது.

எந்த எண்ணுக்கு எவ்வளவு சுதந்திரம் என்று கேட்பீர்கள். என் வழக்கத்தைச் சொல்கிறேன். எண்ணே இல்லாமல் வெறும் 'வாட்டர் ரெசிஸ்டென்ட்' அல்லது 30 மீட்டர் என்றால் கை கழுவலாம், தூறலில் போகலாம். 50 மீட்டர் என்றால் மழையில் நனையலாம், குளத்தில் சாதாரணமாக நீந்தலாம், வளையம் புதிதாக இருக்கும் பட்சத்தில். 100 மீட்டர் என்றால் குதிக்கலாம். பத்து வருஷமாகத் திறந்து பார்க்காத வாட்ச் என்றால் எண் எதுவானாலும் 0 மீட்டர் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவி எங்கிருந்து வந்தது?

கண்ணாடியில் ஆவி படிந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்றுதான் எல்லாரும் பதறுகிறோம். எப்போதும் அப்படி இல்லை. ஜூலை மாதத்து மும்பைக் காற்று, 30 டிகிரியில் ஈரம் நிரம்பி இருந்தால், ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் நீராவியைச் சுமக்கிறது. வாட்சுக்குள் காற்று இருக்கும் இடம் சுமார் ஒரு கன சென்டிமீட்டர். அதில் அடங்கும் நீராவி 0.03 மில்லிகிராம். அடைமழை நாளில் வாட்சைத் திறந்து செல் மாற்றி மூடினால் இந்த ஈரம் உள்ளேயே சிறைப்படும். ஏ.ஸி. பெட்டியிலோ அலுவலகத்திலோ கண்ணாடி குளிரும்போது லேசாகப் புகை மாதிரி தெரிந்து, வெளியே வந்ததும் மறைந்துவிடும். இதனால் உடனடி ஆபத்தில்லை; இருந்தாலும் உலர்ந்த நாளில் ஒரு முறை திறந்து மூடச் சொல்வது நல்லது.

ஒரு சொட்டுத் தண்ணீரின் எடையோ 50 மில்லிகிராம். மேலே சொன்ன அளவைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். அப்படிப் புகுந்திருந்தால் ஆவி தடித்திருக்கும், துளித்துளியாக நிற்கும், மறைந்தாலும் மறுநாள் வரும். அன்றைக்கே கடைக்குப் போக வேண்டும்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஐ.எஸ்.ஓ. தரத்திலேயே இருக்கும் சோதனைதான்: வாட்சை 40-லிருந்து 45 டிகிரி சூடான தட்டில் வைத்து, அது நன்றாகச் சூடேறியதும் கண்ணாடியின் நடுவில் சாதாரணத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஈரம் இருந்தால் சொட்டு இருந்த இடத்தில் மட்டும் வட்டமாக ஆவி படிந்திருக்கும். வீட்டில் சூட்டுத் தட்டுக்கு வழியில்லை என்றால் வாட்சைக் கையில் அரைமணி நேரம் கட்டியிருந்து, மணிக்கட்டின் சூடு ஏறியதும், ஐஸ் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். அத்தனை துல்லியம் இராது. ஆனாலும் புகுந்த தண்ணீரைக் காட்டிக்கொடுத்துவிடும். தோசைக்கல்லில் மட்டும் வைக்காதீர்கள்.

பின் மூடியைத் திறந்தவர் யார்?

என் அனுபவத்தில், தண்ணீர் புகுந்த வாட்சுகளின் கதையைக் கேட்டால், கொஞ்ச நாள் முன்பு யாரோ பின் மூடியைத் திறந்திருப்பார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை செல் மாற்ற வேண்டியிருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் ஐந்து நிமிட வேலை. கத்தி முனையால் நெம்பி, செல்லை மாற்றி, கட்டை விரலால் அழுத்தி மூடிக் கொடுத்துவிடுகிறார்கள். பழைய வளையம் பள்ளத்திலிருந்து பிதுங்கி மூடிக்கு நடுவில் கடிபட்டிருக்கலாம்; நெம்பியதில் விளிம்பில் கீறல் விழுந்திருக்கலாம்; காய்ந்த வளையத்தில் சிலிகோன் கிரீஸ் தடவாமல் விட்டிருக்கலாம். மணி சரியாக ஓடும். அடுத்த மழை வரை ஒன்றும் தெரியாது.

என் நண்பர் ஒருவர் டோம்பிவிலியில் இருக்கிறார். அவருடைய தகப்பனார் கட்டியிருந்த எச்.எம்.டி. வாட்ச் அவரிடம் வந்தது. பெங்களூரில் ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் கூட்டுறவோடு 1961-ல் தொடங்கிய தொழிற்சாலையின் வாட்சுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நம் தலைமுறையில் பரீட்சை தேறியவன் கையில் அதுதான். நண்பர் அதை ஒரு கடையில் சுத்தம் செய்யக் கொடுத்தார். நன்றாகவே செய்து கொடுத்தார்கள், எண்ணெய் போட்டு, கண்ணாடியைப் பளபளவென்று தீட்டி. பின் மூடியின் வளையத்தை மட்டும் திரும்பப் போடவில்லை. ஜூலை மாதம் தாணேயில் வண்டி மாறும்போது ஒரே ஒரு நாள் நனைந்தார். உள்ளே ஈரம் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. கணபதி பண்டிகை சமயம் குமிழ் இழுக்க வராமல் போக, திறந்து பார்த்தால் சாவி கொடுக்கும் தண்டும் அதைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன நெம்புகோல்களும் ஒரே துரு. டயலில் எழுத்துக்குக் கீழே கறுப்புத் திட்டு. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. உதிரிப் பாகம் வேண்டுமென்றால் இன்னொரு பழைய வாட்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படியே ஒன்றைத் தேடி வாங்கி, ஓடவும் வைத்துவிட்டார்கள். டயலை மாற்ற மட்டும் நண்பர் சம்மதிக்கவில்லை. "அப்பா பார்த்த டயல், சார்" என்றார். கறை படிந்த அதே டயலோடு இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார், நவம்பரிலிருந்து மே வரை மட்டும். ஒரு ரப்பர் வளையத்தின் விலை ஒரு வேளை டிபன் செலவு.

கடையில் என்ன கேட்க வேண்டும்? "பாயி, காஸ்கெட் பீ பதல் தோ, பிரஷர் டெஸ்ட் பீ கர் தோ." இவ்வளவு இந்தி போதும். டெஸ்ட் செய்யும் கருவி அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வகை உண்டு. ஒன்றில் தண்ணீரே கிடையாது. சிறு அறைக்குள் வாட்சை வைத்துக் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கி, உடல் எத்தனை மைக்ரான் அமுங்கி விரிகிறது என்று அளக்கிறது. காற்று கசிந்தால் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், கருவி காட்டிக்கொடுத்துவிடும். மற்றது பாதி தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழல். வாட்சைத் தண்ணீருக்கு மேலே காற்றில் தொங்கவிட்டு, பம்பு அடித்து அழுத்தத்தை ஏற்றி, பிறகு தண்ணீருக்குள் இறக்கி, அழுத்தத்தை மெல்ல விடுவார்கள். ஓட்டை இருந்தால் உள்ளே ஏறிய காற்று குமிழி விட்டுக்கொண்டு வெளியே வரும். சைக்கிள் டியூபைத் தொட்டியில் முக்கிப் பஞ்சர் பார்ப்பதும், பிரேக் பைப் இணைப்பில் சோப்பு நீர் பூசிப் பார்ப்பதும் இதே தத்துவம்தான். குமிழி எந்த இடத்தில் கிளம்புகிறதோ அந்த இடத்து வளையத்தை மாற்றினால் போதும். மே மாதக் கடைசியில், குடைக்குக் கம்பி போடக் கொடுக்கும்போதே இதையும் செய்துவிடுவது என் வழக்கம். நம் ஓசூர் டைட்டன் உட்படப் பெரிய கம்பெனிகளுக்குச் சொந்த சர்வீஸ் சென்டர்கள் இருக்கின்றன. வாரண்டி காலத்துக்குள் வேறு இடத்தில் திறந்தால் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் படித்துவிடுங்கள்.

புகுந்தே விட்டது என்றால்? அரிசி டப்பாவில் போடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. மூடி இறுக்கமாக இருக்கும்போது அரிசி எதை உறிஞ்சும்? வெயிலில் வைப்பதும் ஹேர் டிரையர் அடிப்பதும் அதைவிடக் கெடுதல். தண்ணீர் ஆவியாகி, இதுவரை நனையாத பற்சக்கரங்களிலும் போய்ப் படியும். மூடியைத் திறந்தால்தான் ஈரம் வெளியேறும். அன்றே ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து, செல் உள்ள வாட்சானால் முதலில் செல்லைக் கழற்றச் சொல்லுங்கள். ஈரத்தில் மின்சாரம் ஓடினால் அரிப்பு பல மடங்கு வேகமாகும். கடல் நீர் என்றால் மணிக்கணக்கே முக்கியம். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய அந்த மழைக்குப் பிறகு, வீடு வாசலைப் பார்ப்பதா வாட்சைப் பார்ப்பதா என்று ஒரு வாரம் மேஜை இழுப்பறையில் போட்டவர்கள் பலர். அவை பிறகு ஓடவில்லை.

இப்போது பிள்ளைகள் கையில் இருப்பது ஸ்மார்ட் வாட்ச். அதில் சிலவற்றில் 5 ஏ.டி.எம். என்றும், சிலவற்றில் ஐ.பி. 68 என்றும் போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஐ.பி. என்பது மின் சாதனங்களுக்கான வேறொரு தரம். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதற்கும் மேல். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே அறிவிக்கிறார். ஆகவே ஐ.பி. 68 மட்டும் உள்ளதைக் கட்டிக்கொண்டு பேரன் நீச்சல் வகுப்புக்குப் போவதற்கு முன், கூட வந்த காகிதத்தில் பொடி எழுத்தில் என்ன ஆழம் எழுதியிருக்கிறது, நீச்சலுக்கு ஆகுமா என்று பார்க்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை பசையால் ஒட்டி மூடியவை. கீழே விழுந்து விளிம்பில் இம்மியளவு பிரிந்தாலும் வளையம் மாற்றுவது மாதிரி எளிதாகச் சரிசெய்ய முடியாது. மூலைக் கடை ரிப்பேர்க்காரர் தொடவே மாட்டார். ஒரு முறை பலமாக அடிபட்ட ஸ்மார்ட் வாட்ச் என்றால், குளத்துக்குப் போகும்போது அதை லாக்கரிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.